இறக்கம் முடிந்ததும் வரும் நீலப் புகை: பழைய இஞ்சினை எங்கிருந்து சோதிப்பது

பழைய வண்டியின் சைலன்சரில் நீலப் புகை கண்டால் மலையகத்தில் பெரும்பாலும் ஒரே தீர்ப்புத்தான்: "ரிங் போயிருச்சு, இஞ்சின இறக்கணும்." ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி, சிலிண்டர் சுவரோடு ஒட்டி நிற்கும் வளையம். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவருக்கும், நானுஓயாவிலிருந்து மரக்கறி ஏற்றும் சின்ன லொறிக்காரருக்கும், தோட்டத்துக்குள் ஓடும் ஆட்டோக்காரருக்கும் இஞ்சின் இறங்கினால் வருமானமும் அன்றோடு நிற்கும். ரிங், பிஸ்டன், லேத்தில் போர், கேஸ்கட் செட், கூலி என்று கடன்பட்டுச் செய்து முடித்த பிறகும் அதே புகை வருவது உண்டு. வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள வால்வு சீல் வழியாக இறங்கிய ஒயிலுக்கு ரிங் மாற்றிப் பலனில்லை. ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் ஒயில் எந்த வழியாக எரியும் அறைக்குள் போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அதற்குச் செலவு மிகக் குறைவு.

வழிகள் நான்கு. ரிங் தேய்ந்தோ ஒட்டிக்கொண்டோ இருந்தால் கீழிருந்து மேலே ஏறும். வால்வு சீலும், வால்வுத் தண்டு ஓடும் குழலான கைடும் தேய்ந்திருந்தால் சிலிண்டருக்கு மேலுள்ள ஹெட்டிலிருந்து கீழே இறங்கும். இஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாக காற்றோடு கலந்து, இஞ்சின் காற்றை இழுக்கும் இன்டேக்குக்குள் போகும். காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இருந்தால் அதன் சீல் வழியாகவும் போகும். ஒவ்வொன்றும் புகையைக் காட்டும் நேரம் வேறு. சமதரையில் ஓடும் வண்டியில் இதைப் பிரித்தறிவது கஷ்டம். நம் பாதைகளில் நீண்ட இறக்கமும் நீண்ட ஏற்றமும் அடுத்தடுத்து வருவதால் ஒரே ஓட்டத்தில் பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் அது நீலப் புகைதானா என்று பார்க்க வேண்டும். விடியற்காலைக் குளிரில் நல்ல இஞ்சினிலும் வெள்ளை ஆவி வரும். அது சைலன்சர் வாயிலிருந்து சில அடி தூரத்திலேயே கரைந்துவிடும். ஒயில் புகை கரையாது; வண்டி போன பிறகும் பாதையில் தொங்கி நிற்கும், கருகிய எண்ணெய் வாடை வரும். பனிமூட்டத்தில் பார்த்து முடிவு எடுக்கவே கூடாது. வெயில் வந்த பிறகு, தேயிலைச் செடியின் கரும்பச்சை பின்னால் இருக்கும்படி நின்று பார்த்தால் நீலம் தெளிவாகத் தெரியும். அதே புகை வெளிறிய வானத்துக்கு எதிரே மங்கிய பழுப்பாகத் தோன்றி ஏமாற்றும். சைலன்சர் வாய்க்கு அரை அடி தள்ளி ஒரு வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் பிடியுங்கள். காய்ந்த பிறகும் எண்ணெய்ப் பிசுக்குப் புள்ளிகள் நின்றால் ஒயில். கரித்தூள் மட்டும் என்றால் பிரச்சினை எரிபொருள் பக்கம். வெறும் ஈரம் என்றால் தண்ணீர் ஆவி. புகை இனிப்பு வாடையோடு வெள்ளையாகவே தொடர்ந்து வந்தால் கூலன்ட் எரிகிறது. அது ஹெட் கேஸ்கட் விவகாரம், இங்கே பேசுவது அதுவல்ல.

அடுத்து ஒயில் அளவு. மலையகத்தில் இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. லயத்துப் பக்கமோ வீட்டு வாசலிலோ சமதரை கிடைப்பது அரிது. சரிவில் நிறுத்திவிட்டு டிப்ஸ்டிக்கை எடுத்தால், குச்சி இஞ்சினின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து அளவு கூடவோ குறையவோ காட்டும். குறையக் காட்டும்போது அரை லீற்றர் ஊற்றுவார்கள், அடுத்த வாரம் இன்னும் அரை. பல கார், வேன்களில் டிப்ஸ்டிக்கின் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே இருப்பதே ஏறத்தாழ ஒரு லீற்றர்தான். மேல்கோட்டைத் தாண்டினால், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு ஒயிலை அடித்து நுரையாக்கும். அப்படித் தெறிக்கும் ஒயில் துளிகள் பிரீதர் வழியாக இன்டேக்குக்குப் போய் எரியும். நல்ல இஞ்சினும் நீலப் புகை விடும். பெற்றோல் நிலையத்துத் தளம் போல சமமான ஓர் இடத்தில் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, பத்து நிமிடம் விட்டு அளவு பாருங்கள். கூடியிருந்தால் வடித்துவிடுங்கள். தோட்டத்துப் பழைய மாஸி ஃபேர்குசன் ட்ராக்டர் போன்றவற்றில் ஒயில் நிரப்பிய ஏர் கிளீனர் இருந்தால் அதன் கிண்ணத்தையும் பாருங்கள். குறித்த கோட்டுக்கு மேல் நிரப்பி சரிவில் வேலை செய்தால் இஞ்சின் அந்த ஒயிலையும் உறிஞ்சும்.

டீசலில் ஒயிலைக் கூட ஊற்றுவது ஆபத்தும்கூட. இன்டேக்குக்குள் போகும் ஒயிலே எரிபொருளாகி, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் இஞ்சின் தானாக வேகம் எடுக்கும். அப்படி நேர்ந்தால் பிரேக்கை முழுதாக மிதித்து, மேல் கியரில் போட்டு, கிளச்சை விட்டு இஞ்சினை மடக்கி அணைக்க வேண்டும். ஏர் பைப்பைப் பலகையால் அல்லது தடித்த துணிச் சுருளால் அடைப்பதும் உதவும். கையால் அடைக்கக் கூடாது.

பிரீதரைப் பார்க்காமல் இஞ்சினைத் திறக்கவே வேண்டாம். பெற்றோல் இஞ்சினில், பிரீதர் வாயுவைக் கட்டுப்படுத்தும் பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கினால் கடகடவென்று சத்தம் வர வேண்டும், வராவிட்டால் மாற்றுங்கள். குழாய்க்குள் சேர்ந்த பிசினை மண்ணெண்ணெயால் கழுவிக் காய வைத்துப் பூட்டுங்கள். பிறகு இஞ்சின் சும்மா ஓடும்போது ஒயில் மூடியைக் கழற்றி ஒரு தாளை வாயில் வையுங்கள். தாள் மெதுவாக ஒட்டிக்கொண்டால் பிசிவி வேலை செய்கிறது. தாளைத் தள்ளிக்கொண்டு புகை வந்தால் ஒன்று அடைப்பு, இல்லாவிட்டால் ரிங் வழியாக அழுத்தம் கீழே கசிகிறது. டீசலில் மூடியைத் தலைகீழாக வாயில் வைத்தால் கொஞ்சம் ஆடும், அது வழமை. துள்ளி விழுந்து, குபுகுபுவென்று புகை வந்தால் ரிங்கைச் சந்தேகிக்கலாம்.

பிரீதரைப் பிரித்தறிய இதைவிட உறுதியான வழி ஒன்று உண்டு. பிரீதர் குழாயை இன்டேக்கிலிருந்து கழற்றி, அதன் முனையை ஒரு வெறும் போத்தலுக்குள் விட்டுக் கட்டுங்கள். போத்தல் வாயை இறுக மூட வேண்டாம். இன்டேக் பக்கத் துளையை நன்றாக அடையுங்கள். வழக்கமாகப் புகைவிடும் அதே பாதையில் ஓட்டுங்கள். புகை நின்று போத்தலில் ஒயில் சேர்ந்தால் வழி தெரிந்துவிட்டது.

கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைச் சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் தேர்மோஸ்டாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏற்றத்தில் சூடு ஏறுகிறது என்று அதைக் கழற்றிவிடும் பழக்கம் இங்கே பரவலாக உண்டு. நுவரெலியா, ஆகரப்பத்தனைக் குளிரில் அப்படி ஓடும் இஞ்சின் ஓடவேண்டிய வெப்பத்துக்கு வருவதே இல்லை. உள்ளே நீராவி ஒயிலோடு கலந்து, மூடிக்கு அடியில் வெண்ணெய் போலப் படியும். அதைக் கண்டு ஹெட் கேஸ்கட் என்று அவசரப்படுவோரும் உண்டு. அந்தப் படிவுதான் பிரீதரை அடைக்கிறது. குளிர்ந்த இஞ்சினில் எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஒயில் படலத்தைக் கழுவி, ரிங்கையும் தேய்க்கிறது. கார்புரேட்டர் வண்டியாக இருந்து, பெற்றோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட் கொழும்பு உயரத்துக்கு ஏற்றபடியே இருந்தால் கேடு இரட்டிப்பாகும். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 17 சதவீதம் குறைவு. பெற்றோல் அளவுக்கு மீறிப் போகும். பல பழைய டொயோட்டாக்களுக்கு 82 பாகையில் திறக்கும் தேர்மோஸ்டாட்தான் உரியது. அதைத் திரும்பப் பூட்டுங்கள். சூடு ஏறுகிறது என்றால் ரேடியேட்டரையும் ஃபேனையும் பாருங்கள்.

இனி பாதைச் சோதனை. பெற்றோல் வண்டி என்று வைத்துக்கொள்வோம். இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, வாகன நெரிசல் இல்லாத நேரத்தில், பின்னால் ஒருவர் மோட்டார் சைக்கிளில் இடைவெளி விட்டு வந்து பார்த்தால் நல்லது. லபுக்கலையிலிருந்து றம்பொடைப் பக்கமோ, கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலப் பக்கமோ இறங்கும் பாதை போல இரண்டு மூன்று கிலோமீற்றர் தொடர் இறக்கம் போதும். 2ஆம் அல்லது 3ஆம் கியரில், எக்ஸலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்குங்கள். அப்போது த்ரொட்டில் மூடியிருக்கிறது, இஞ்சின் வேகமாகச் சுழல்கிறது. இன்டேக்கில் வெக்கியூம் உச்சத்துக்குப் போகும். வால்வு கைடு தளர்ந்திருந்தால் ஹெட்டில் நிற்கும் ஒயிலை அது உள்ளே இழுக்கும். இறக்கம் முடிந்து மீண்டும் எக்ஸலேட்டரை மிதிக்கும் கணத்தில் பெரிய நீல மேகம் ஒன்று வந்து, சில வினாடிகளில் தெளிந்தால் பெரும்பாலும் வால்வு சீல் அல்லது கைடு.

அதே ஓட்டத்தில் அடுத்த ஏற்றத்தைக் கவனியுங்கள். 3ஆம் கியரில் பாதி எக்ஸலேட்டரில் ஏறும்போது புகை தெளியாமல் கூடவே வந்தால் ரிங். மேலே சமமான இடத்தில் நிறுத்தி மூன்று நான்கு நிமிடம் சும்மா ஓடவிட்டு, ஒரு தடவை எக்ஸலேட்டரை உயர்த்துங்கள். அப்போது மட்டும் ஒரு கொத்துப் புகை வந்து நின்றால் மீண்டும் வால்வு சீல். இரவு முழுவதும் நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் நீலமாக விட்டு, ஓரிரு நிமிடத்தில் தெளிவதும் அதையே சொல்கிறது. ராத்திரியில் சொட்டுச் சொட்டாக வால்வு வழியே இறங்கிய ஒயில் அது.

சிலர் இறக்கத்துக்குப் பிறகு புகை வருகிறது என்று கண்டு நியூட்ரலில் போட்டு இறங்கத் தொடங்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இஞ்சின் பிடி இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் லைனிங் சூடேறிப் பிடிக்காமல் போகும். புகை விடும் வண்டியை கியரில் இறக்குவதால் சீல் கூடுதலாகக் கெட்டுவிடாது.

டீசலுக்கு இந்தக் கணக்கு மாறும். டொயோட்டா டொல்பின் வேனின் 2எல், 3எல், டவுன்ஏஸின் 2சி போன்ற இஞ்சின்களைப் பெற்றோல் இஞ்சினைப் போல வெக்கியூம் வைத்துக் கணிக்க முடியாது. இறக்கத்தில் ஒயிலை இழுக்கும் அளவு வெக்கியூம் அவற்றில் பொதுவாக வராது. ஆகவே இறக்கத்துக்குப் பிறகு டீசல் நீலமாக விட்டால் ரிங்கையும், டர்போ இருந்தால் அதையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். இன்டேக்கில் பட்டர்ஃப்ளை வால்வு வைத்த பழைய டீசல்கள் சில உண்டு. அவை பெற்றோல் போலவே நடந்துகொள்ளும்.

டீசலில் காலைப் புகை இன்னும் ஏமாற்றும். நீலமும் வெள்ளையும் கலந்து, கண் எரிந்து, பச்சை டீசல் வாடை வந்தால் அது ஒயில் அல்ல, எரியாத டீசல். ஸ்டார்ட் ஆகும்போது எரியும் அறையைச் சூடாக்கும் க்ளோ பிளக்குகளை ஒவ்வொன்றாக மல்டிமீற்றரில் பாருங்கள்: 12 வோல்ட் பிளக் ஏறத்தாழ 1 ஓம் அல்லது அதற்குக் கீழ் காட்டும், தொடர்பே காட்டாவிட்டால் அது செத்தது. பிளக்குகள் சரி என்றால் ஒழுகும் இன்ஜெக்டர் நொசில், பின்தங்கிய பம்ப் டைமிங், ஒரு பல் தாண்டிய டைமிங் பெல்ட் என்று போக வேண்டும். எந்த சிலிண்டர் என்று அறிய, இஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்றுத் தளர்த்தி இறுக்கலாம். எந்த நட்டைத் தளர்த்தும்போது புகை குறைகிறதோ அதுதான் குற்றவாளி. கண்ணாடி அணிந்து, நட்டின் மேல் துணி போட்டுச் செய்யுங்கள். உயர் அழுத்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். முகத்தையும் கையையும் அருகே கொண்டுபோக வேண்டாம்.

டர்போ இருந்தால் காற்றுப் பைப்பைக் கழற்றி உள்ளே பாருங்கள். மெல்லிய ஒயில் படலம் வழமை, பிரீதர் அங்கேதான் சேர்கிறது. தேங்கி நின்றால் குற்றம். டர்போவின் தண்டை விரலால் முன்பின்னாக அசைத்தால் அசைவு உணரப்படக் கூடாது. பக்கவாட்டில் சிறிதளவு இருக்கலாம், ஆனால் சக்கரம் கூட்டில் உரசக் கூடாது. டர்போவை மாற்றும் முன் அதன் ஒயில் திரும்பும் குழாயையும் ஏர் ஃபில்டரையும் பாருங்கள். குழாய் அடைத்திருந்தால் நல்ல டர்போவும் ஒயில் விடும். நீண்ட ஏற்றம் ஏறி வந்தவுடன் சாவியைத் திருப்பாமல் ஓரிரு நிமிடம் சும்மா ஓடவிட்டால் அந்தக் குழாயில் ஒயில் கருகிப் படிவது குறையும்.

பெற்றோலில் அடுத்தது ஸ்பார்க் பிளக். நான்கையும் வரிசை மாறாமல் கழற்றி வையுங்கள். ஒன்று மட்டும் ஒயிலில் நனைந்திருந்தால் அந்த சிலிண்டரோடு விஷயம் முடியும். ஒரு பிளக்கில் சாம்பல் படிவு ஒரு பக்கம் மட்டும் தடித்து, அந்தப் பக்கம் இன்டேக் வால்வை நோக்கியிருந்தால் ஒயில் அந்தக் கைடு வழியாக வருகிறது.

சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கொம்ப்ரஷன் சோதனையில்தான் மலையகத்தில் பல இஞ்சின்கள் அநியாயமாகத் திறக்கப்படுகின்றன. கையேட்டிலுள்ள எண் கடல்மட்டத்துக்கு. உயரம் ஏற ஏற கேஜ் குறைவாகவே காட்டும். நுவரெலியாவில் அந்த எண்ணை ஏறத்தாழ 0.83ஆலும், 1,270 மீற்றர் அளவிலுள்ள ஹட்டனில் 0.88ஆலும், கண்டியில் 0.95ஆலும் பெருக்கிக்கொள்ள வேண்டும். கொழும்பில் 170 பிஎஸ்ஐ காட்டும் நல்ல இஞ்சின் நுவரெலியாவில் 141தான் காட்டும். அதைப் பார்த்து "ரிங் போச்சு" என்பது தவறு. 450 காட்ட வேண்டிய டீசல் 375 காட்டினாலும் பயப்படத் தேவையில்லை. வெக்கியூம் கேஜும் அப்படியே: 1,000 அடிக்கு ஓர் அங்குலம் குறையும். கடல்மட்டத்தில் 18 முதல் 21 அங்குலம் நிற்கும் முள் நுவரெலியாவில் 12 முதல் 15இல் நின்றால் இஞ்சின் சுகமாகத்தான் இருக்கிறது. சும்மா ஓடும்போது முள் படபடவென்று நடுங்கி, வேகம் கூட்டினால் நிலைத்தால் கைடு தளர்ந்திருக்கிறது. உண்மையில் பார்க்க வேண்டியது சிலிண்டர்களுக்கு இடையேயுள்ள வித்தியாசம். மிகக் குறைந்தது மிகக் கூடியதில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது.

சோதிக்கும் முறை: இஞ்சின் சூடாக, எல்லாப் பிளக்கும் கழற்றி, இக்னிஷன் வயரைத் துண்டித்து, எக்ஸலேட்டரை முழுதாக மிதித்து, நல்ல பற்றரியில் ஐந்தாறு சுற்று. குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் நன்றாக உயர்ந்தால் ரிங், உயராவிட்டால் வால்வு அமரும் இடம் அல்லது கேஸ்கட். இந்த ஈரச் சோதனை பெற்றோலுக்கு மட்டும். டீசலில் மேலே இடைவெளி மிகக் குறைவு என்பதால் எண் பொய் சொல்லும். ஒயில் கூடிவிட்டால் கனெக்டிங் ரொட்டே வளையும்.

கொம்ப்ரஷன் எல்லாச் சிலிண்டரிலும் நன்றாக இருந்தும் ஏற்றத்தில் நீலப் புகை தொடர்ந்து வரும் இஞ்சின்கள் உண்டு. அழுத்தத்தைப் பிடிப்பது மேல் இரண்டு ரிங். சுவரிலிருந்து ஒயிலை வழித்துக் கீழே அனுப்புவது மூன்றாவதான ஒயில் ரிங். அது கரிபிடித்து ஒட்டிக்கொண்டால் கேஜுக்குத் தெரியாது. ஒயில் மாற்றாமல் நீண்ட தூரம் ஓடிய வண்டிகளிலும், ஹட்டன் ரயில் நிலையத்துக்கு வெளியே வேன் காத்து நிற்பது போல மணிக்கணக்காகச் சும்மா ஓடும் இஞ்சின்களிலும் இது சகஜம். அப்படி ஓடும் டீசலில் சிலிண்டர் சுவரும் கண்ணாடி போல வழுவழுப்பாகி ஒயிலைத் தக்கவைக்காது. பெற்றோல் இஞ்சினில், திறக்கும் முன் ஒரு முயற்சி செய்யலாம். பிஸ்டன்களை நடு உயரத்தில் நிறுத்தி, ஒவ்வொரு பிளக் துளையிலும் கியர் ஒயிலும் டீசலும் சமமாகக் கலந்த 20 முதல் 30 மி.லீ. விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் துளைகளைத் துணியால் மூடி, பிளக் இல்லாமலே இஞ்சினைச் சுழற்றி மீதியை வெளியேற்றி, ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். எல்லா இஞ்சினுக்கும் பலிக்காது; பலித்தால் பெரிய செலவு மிச்சம்.

வால்வு சீல்தான் என்று முடிவானால் ஹெட்டைக் கழற்றாமலே பல பெற்றோல் இஞ்சின்களில் மாற்றலாம். கொம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் மேலே வரும் முன், பிளக் துளை வழியாக ஒரு மீற்றருக்கு மேல் நைலோன் கயிற்றை விட்டு, முனையை வெளியே வைத்து, கிராங்கைக் கையால் இறுகும்வரை திருப்புங்கள். கயிறு வால்வைத் தாங்கிக்கொள்ளும். ஸ்பிரிங்கை அமுக்கி, காந்தத்தால் லாக்கை எடுத்து, பழைய சீலைக் கழற்றுங்கள். இறப்பராக இருக்க வேண்டியது பிளாஸ்டிக் போல உடைந்து வந்தால் காரணம் கையிலேயே இருக்கிறது. புதியதைப் போடும் முன் தண்டின் லாக் பள்ளத்தின் மேல் மெல்லிய டேப் சுற்றி, ஒயில் தடவிச் செருகுங்கள். இல்லாவிட்டால் உதடு கிழிந்துவிடும். சில இஞ்சின்களில் இன்டேக் சீலும் எக்ஸோஸ்ட் சீலும் வேறு நிறம், மாற்றிப் போட வேண்டாம்.

சீலைக் கழற்றியிருக்கும்போதே தண்டை ஆட்டிப் பாருங்கள். இன்டேக்கில் 0.08 மி.மீ., எக்ஸோஸ்ட்டில் 0.10 மி.மீ. இடைவெளியைப் பழைய டொயோட்டா கையேடுகள் எல்லையாகத் தருகின்றன. தாண்டினால் ஹெட்டை இறக்கிக் கைடும் மாற்ற வேண்டும். ஆடும் தண்டில் புதுச் சீல் போட்டால் சில மாதத்தில் புகை திரும்ப வரும்.

ரிங்தான் என்று உறுதியானால் அரைகுறையாகச் செய்ய வேண்டாம். சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், இரு திசையில் அளக்கச் சொல்லுங்கள். 0.2 மி.மீ. தேய்ந்திருந்தால் போர் செய்து 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன். அதற்குக் கீழ் என்றால் ஹோன் செய்து, அதாவது சுவரைச் சற்றே சொரசொரப்பாக்கி, புது ரிங் போதும். ஹோன் செய்யாமல் வழுவழுப்பான சுவரில் புது ரிங் போட்டால் அது படியாது, புகை நிற்காது. ரிங்கை சிலிண்டருக்குள் நேராகத் தள்ளி வாய் இடைவெளியை அளக்க வேண்டும். 80 முதல் 90 மி.மீ. போருக்கு 0.25 முதல் 0.45 மி.மீ. வரை சரி. எழுத்துள்ள பக்கம் மேலே. ரிங் வாய்கள் ஒரே கோட்டில் வரக் கூடாது. ஒயில் ரிங்கின் நெளிகம்பி முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறவும் கூடாது; ஏறினால் புது இஞ்சினே புகைவிடும்.

ஒயிலைக் கெட்டியாக்கும் டப்பா மருந்துகள் வால்வு சீலையும் ரிங்கையும் சரிசெய்யாது. வருமான அனுமதிப்பத்திரத்துக்காகப் புகைப் பரிசோதனைக்குப் போகும் வாரத்தில் பலர் அதைத்தான் ஊற்றுகிறார்கள். பெற்றோலில் அங்கே பார்ப்பது கார்பன் மொனொக்சைட்டும் ஹைட்ரோகார்பனும், டீசலில் புகையின் அடர்த்தி. எரியும் ஒயில் ஹைட்ரோகார்பன் எண்ணை உயர்த்தும். அதிகாலைக் குளிரில் கெட்டி ஒயில் மேலே ஏறத் தாமதித்து வால்வுகளைத் திறக்கும் கேமை உலர்வாக ஓடவிடும் என்பது தனிக் கேடு.

புதுப்பித்த இஞ்சினை முதல் நாள் மணிக்கணக்காகச் சும்மா ஓடவிடாதீர்கள். மிதமான சுமையில், 3ஆம் கியரில் ஏறி இறங்க வையுங்கள். ரிங் படிய நம் பாதை நல்ல இடம். மினரல் 15டபிள்யூ-40 போட்டு, 500 கிலோமீற்றரில் ஒயிலும் ஃபில்டரும், 1,000இல் மீண்டும் மாற்றுங்கள். அதன் பிறகு சமதரையில் மேல்கோடு வரை நிரப்பி, 1,000 கிலோமீற்றரில் எவ்வளவு குறைந்தது என்று எழுதி வையுங்கள். பழைய இஞ்சினுக்கு அரை லீற்றருக்குள் இருந்தால் ஓட்டலாம். ஒரு லீற்றரைத் தொட்டால் பிளக்கிலிருந்து சோதனையை மறுபடி தொடங்குங்கள்.